டீச்சர் பதில்கள்: மொய் நோட்டும் கிருபையும்

போன இதழில் நாலே வரிதான் எழுதினேன். யார் நலம் விசாரித்தாலும் "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம்" என்கிறோமே, அந்தக் கிருபையைக் கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு நம்மையும் பக்கத்து வீட்டாரையும் ஒருநாள் பார்த்தால் என்ன என்று கேட்டிருந்தேன். எழுதிய கை சும்மா இருந்திருக்கலாம். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் போதகர் இல்லை, வேதசாஸ்திரம் படித்தவளும் இல்லை. 31 வருஷம் கணக்கு டீச்சர். ஆகவே பதில்களில் அங்கங்கே கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

● கிருபை, அருள், கருணை எல்லாம் ஒன்றுதானா? பரீட்சையில் போடும் கிரேஸ் மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

எங்கள் வீட்டில் கிருபை, பக்கத்துத் தெருக் கத்தோலிக்க வீட்டில் அருள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த வீட்டுப் பாட்டி ஜெபமாலையில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்பார்கள். இப்போது "அருள் நிறைந்த மரியே" ஆகிவிட்டது. எனக்கு என்னவோ அந்தப் பழைய சொல்தான் பிடித்திருக்கிறது. பிரியதத்தம் என்றால் பிரியத்தோடு தத்தம் செய்தது, அதாவது கொடுத்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் வரும் காரிஸ் என்ற சொல்லின் உயிரும் அதுதான். கேட்காமல், உழைக்காமல் கைக்கு வந்தது. பழைய ஏற்பாட்டுக்கு வந்தால் எபிரெயத்தில் ஹெசெத் என்று ஒரு சொல் உண்டு. கைவிடாத அன்பு என்று வைத்துக்கொள்ளலாம். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், 26 தடவையும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வருகிறதே, அந்தக் கிருபை இது. பொது மொழிபெயர்ப்பில் அதே இடத்தில் பேரன்பு என்று போட்டிருப்பார்கள்.

கிரேஸ் மார்க் விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். 32 வாங்கிய பிள்ளைக்கு 3 மார்க் சேர்த்து 35 ஆக்கி, தேர்ச்சி என்று எழுதுவோம். 8 வாங்கிய பிள்ளைக்குப் போட மாட்டோம். அப்படியானால் அந்த மூன்று மார்க்கையும் அவள் 32 வாங்கித்தான் சம்பாதித்திருக்கிறாள். நம்மில் பாதிப்பேர் கடவுள் அப்படித்தான் திருத்துகிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். "நான் ஒன்றும் அவ்வளவு மோசம் இல்லை, ஒரு மூன்று மார்க் குறையும், அதை அவர் பார்த்துக்கொள்வார்." புதிய ஏற்பாட்டில் சபைகளுக்குக் கடிதங்கள் எழுதிய பவுல் சொல்வது வேறு. 32-க்கும் 8-க்கும் ஒரே தாள்தான் திரும்பி வருகிறது, அதில் வேறொருவர் எழுதி வாங்கிய 100 நம் பதிவு எண்ணுக்கு நேராக இருக்கிறது. ஒரு டீச்சராக நான் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 32 வாங்கியவளின் அப்பா மறுநாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். பவுலுக்கு ஊர் ஊராக ஏன் அவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று அப்போதுதான் புரியும்.

● பத்து வருஷத்துக்கு முன் அம்மா இறந்தபோது தங்கைக்குச் சேர வேண்டிய இரண்டு பவுன் வளையலை எடுத்து ஒளித்துவைத்தேன். "அம்மாவே வித்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கோயிலில் திருவிருந்து அப்பமும் ரசமும் வாங்குவதில்லை. பிள்ளைக்குப் பசிக்கிறது, தலைவலி என்று ஏதாவது சொல்லி வெளியே போய்விடுவேன். மற்றவர்களுக்கு மன்னிப்பு உண்டு என்று நம்ப முடிகிறது, எனக்கு என்றால் முடியவில்லை.
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி

தங்கச்சி, உங்களைப் பயமுறுத்துகிற வசனம் எது என்று எனக்குத் தெரியும். "அபாத்திரமாய்", அதாவது தகுதியில்லாமல், அப்பத்தைப் புசிக்கிறவன் என்று 1 கொரிந்தியர் 11-இல் வருகிறதே, அதுதான். நானும் அந்தச் சொல்லைப் பார்த்து நடுங்கியவள்தான். எங்கள் ஊர் ஐயர் (போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருநாள் அந்த அதிகாரத்தை மேலிருந்து வாசிக்கச் சொன்னார். கொரிந்துவில் நடந்தது என்ன? வசதிக்காரர்கள் முன்னாலேயே வந்து உட்கார்ந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிடுகிறார்கள். வேலை முடிந்து பிந்தி வருகிற ஏழைக்குப் பருக்கை இல்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் எழுதுகிறார். அப்படி நடந்துகொண்டு சாப்பிடுவதைத்தான் அபாத்திரம் என்கிறார். மூலத்தில் அது சாப்பிடும் விதத்தைச் சொல்லும் சொல், ஆளைச் சொல்லும் சொல் இல்லை என்றும் ஐயர் விளக்கினார். பாத்திரமான ஆள்தான் வரலாம் என்றால் மேசைக்கு ஒருத்தரும் வர முடியாது.

எங்கள் பக்கத்து அசனப் பண்டிகையை நினைத்துப் பாருங்கள். கோயில் வளாகத்தில் பந்தல் போட்டு, அண்டா அண்டாவாகச் சோறு வடித்து, ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். இலை போடுகிறவர் "நீ எவ்வளவு காணிக்கை கொடுத்தாய்" என்று கேட்டுவிட்டா சோறு போடுகிறார்? (சாதி பார்த்து வரிசை பிரித்த காலம் நம் சபைகளிலும் இருந்தது. வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்த சுவர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சுவர் வைத்திருக்கிற ஊர்கள் உண்டு. அபாத்திரம் என்று பயப்பட வேண்டியவர்கள் அங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தலைவலியே வருவதில்லை.)

இன்னொன்று. திருவிருந்துக்குச் சற்று முன் என்ன ஜெபிக்கிறோம்? உமது மேசையிலிருந்து விழும் துணிக்கையைப் பொறுக்கவும் எங்களுக்குத் தகுதியில்லை என்கிறோம். சபை முழுக்கச் சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் எழுந்து வரிசையில் போய் முழங்கால் போட்டுக் கையை நீட்டுகிறோம். தகுதி இல்லை என்று சொன்ன அதே வாய்தான் வாங்குகிறது. நீங்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுகிறீர்கள்.

சரி, வளையலுக்கு வருகிறேன். அதைத் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால்தான் மன்னிப்பு என்று நினைத்துக் கொடுக்காதீர்கள். ஊரை ஏய்த்து வரி வசூலித்த சகேயு, இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய கதையில் வரிசை எப்படி இருக்கிறது பாருங்கள். "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்று இயேசு மரத்தடியில் நின்று முதலில் சொல்கிறார். நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து நின்று சொல்வது அதற்கப்புறம். நாலத்தனை என்றால் உங்களுக்கு எட்டுப் பவுன் ஆகும், இன்றைய விலையில் மயக்கம் வரும். இரண்டைக் கொடுங்கள். தங்கை கோபப்படுவாள், ஆறு மாதம் பேசாமலும் இருப்பாள். அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. அந்த ஆறு மாதமும் நீங்கள் திருவிருந்து வாங்கலாம்.

● பாடகர் குழுவில் எனக்குப் பக்கத்தில் நிற்பவர் சுருதியே சேராமல் உச்சக்குரலில் பாடுகிறார். அவரைக் கிருபையின் கண்ணோடு பார்ப்பது எப்படி?
– ஆல்ட்டோ, மதுரை

கண்ணில் ஒன்றும் கோளாறு இல்லை, காதுதானே? உங்களுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் உங்களைப் பற்றி எனக்கு எழுதவில்லை என்று என்ன நிச்சயம்?

● என் தம்பி இருபது வருஷம் குடித்தான். அப்பாவை நச்சரித்து அவன் பங்கை வாங்கி விற்றான். நான் ஊரிலேயே இருந்து அப்பா அம்மாவை வைத்துப் பார்த்தேன். இப்போது அவன் ரட்சிக்கப்பட்டுவிட்டானாம். கன்வென்ஷன் மேடையில் சாட்சி சொல்கிறான், ஜனங்கள் அழுகிறார்கள், அவனுக்குச் சால்வை. எனக்கு ஒரு டீ கூட யாரும் வாங்கித் தந்ததில்லை.
– ஒரு அண்ணன், கோவை

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்த டீ என்னவோ செய்தது.

லூக்கா 15-இல் உங்கள் கதை அப்படியே இருக்கிறது. தன் பங்கை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பி வந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கிறார். மூத்த மகனும் இதையேதான் கேட்கிறான், என் சிநேகிதரோடு சந்தோஷமாயிருக்க ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்ததுண்டா என்று. நாம் பிரசங்கத்தில் இளையவன் திரும்பி வருவதையும் தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதையும் கேட்டுக் கேட்டு, தகப்பன் அன்றைக்கு இரண்டாம் முறையும் வீட்டைவிட்டு வெளியே வந்ததை மறந்துவிடுகிறோம். மேளச்சத்தம் உள்ளே கேட்கிறது, விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவரோ அதை விட்டுவிட்டு வாசலில் நின்று கோபக்காரப் பிள்ளையை வருந்தி அழைக்கிறார். வீட்டுக்காரர் பந்தியை விட்டு வெளியே போனால் நம் ஊரில் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பேச்சையும் அவர் வாங்கிக்கொண்டது உங்களுக்காக.

பேச்சையும் கவனியுங்கள். மூத்தவன் "உம்முடைய குமாரனாகிய இவன்" என்கிறான். தம்பி என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. தகப்பன் திருப்பிச் சொல்லும்போது "உன் சகோதரனாகிய இவன்" என்று மெல்ல மாற்றிப் போடுகிறார். நீங்கள் "என் தம்பி" என்றுதான் எழுத ஆரம்பித்திருக்கிறீர்கள். அந்த அளவில் நீங்கள் மூத்தவனைவிட ஒரு படி உள்ளே வந்துவிட்டீர்கள்.

சொத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து அதுதான் வரும். "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்று தகப்பன் மூத்தவனிடம் சொல்கிறார். இளையவனுக்கு விருந்து உண்டு, மோதிரம் உண்டு. நிலத்தை மறுபடி பாகம் பிரித்ததாக அதில் இல்லை. தம்பி மனந்திரும்பினான் என்பதற்காக நீங்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

சாட்சி மேடையைப் பற்றி எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், உலகமெல்லாம் பாடுகிற 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர். 1748-இல் நடுக்கடலில் புயலில் மாட்டி, கடவுளை நோக்கிக் கூப்பிட்டு மனம் திரும்பினார் என்று மேடையில் சொல்வார்கள். அதற்கப்புறமும் 1754 வரை அவர் அடிமை வியாபாரக் கப்பல்களில்தான் வேலை பார்த்தார், கப்பல் தலைவராகவும் இருந்தார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். போதகராகி, 1773 புத்தாண்டு ஆராதனைக்கு அந்தப் பாட்டை எழுதி, அதற்கும் 15 வருஷம் கழித்து 1788-இல்தான் அந்த வியாபாரத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் வெளிப்படையாக அச்சிட்டார். கிருபை அவரிடம் வேலை செய்ய 40 வருஷம் பிடித்திருக்கிறது. அத்தனை வருஷமும் சங்கிலியில் கிடந்தவர்களை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. தம்பி அடுத்த தடவை சாட்சி சொல்லும்போது, தான் குடித்த காலத்தில் அப்பாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தது யார் என்றும் சொல்லச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

கோவைக்கு வந்தால் டீ நான் வாங்கித் தருகிறேன்.

● கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். "ஏழெழுபது தரம் மன்னிக்க வேண்டும், கிருபையோடு போய்ச் சேர்ந்து வாழு" என்று ஜெபக்குழுவில் சொல்கிறார்கள்.
– ஊர் பெயர் வேண்டாம்

போகாதீர்கள். முதலில் அது. 181 என்ற பெண்கள் உதவி எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அவர் உங்களை நெருங்கக் கூடாது என்று மாஜிஸ்திரேட் உத்தரவு போட அதில் வழி உண்டு. மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரைப் பாருங்கள்.

மன்னிப்பது உங்கள் மனசு சம்பந்தப்பட்டது, அதற்கு நாள் எடுக்கும், எடுக்கட்டும். அடி வாங்கப் போய் நிற்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிக் கொடுக்கிறவர்கள் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கட்டும். ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்று ஒரு போதகர் இருந்தார். ஹிட்லரை எதிர்த்து, 1945 ஏப்ரலில் தூக்கில் போடப்பட்டவர். மனந்திரும்பாதவனுக்கு மன்னிப்பை வாரி விடுவதற்கு மலிவான கிருபை என்று அவர் பெயர் வைத்தார். உங்கள் வீட்டுக்காரருக்கு இப்போது ஜெபக்குழு கொடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சரக்குதான். கிருபை பெருகும்படி பாவத்திலேயே இருக்கலாமா என்று பவுலே ரோமருக்குக் கேட்டு, "கூடாதே" என்று பதிலும் எழுதிவிட்டார். அந்த வசனத்தை ஜெபக்குழுவில் உங்கள் சார்பில் வாசிக்க யாராவது கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், நான் வந்து வாசிக்கிறேன்.

● நான் வைணவன். நீங்கள் எழுதுவதையெல்லாம் எங்கள் பெரியவர்கள் பூனை, குரங்கு என்று எப்போதோ சொல்லிவிட்டார்களே?
– ஸ்ரீரங்கம் வாசகர்

சொல்லிவிட்டார்கள் ஐயா, அழகாகவே சொன்னார்கள். குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். வடகலைக்கு மர்க்கட நியாயம், தென்கலைக்கு மார்ச்சார நியாயம். எங்கள் பக்கத்திலும் அதே சண்டை நடந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாகியுஸ் என்பவர், மனிதன் மனசு வைத்தால் நல்லவனாக வாழ முடியும் என்றார். அகுஸ்தீன் அதை மறுத்தார். மனசு வைப்பதற்கே கிருபை வேண்டும் என்பது அவர் கட்சி. "அவனருளாலே அவன்தாள் வணங்கி" என்று மாணிக்கவாசகர் சொன்னால் அகுஸ்தீன் பக்கத்தில் நின்று தலையாட்டியிருப்பார். திருவாசகத்தை 1900-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த ஜி.யு.போப், எங்கள் சாயர்புரத்தில் இருந்து வேலை பார்த்த பாதிரியார்தான். அவரை அதில் இழுத்தது எது என்று யூகிப்பது கஷ்டமில்லை.

உங்களைப் போல வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்த எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை கிறிஸ்தவரான பிறகு ரட்சணிய யாத்திரிகம் எழுதினார். இயேசுவைப் பாட அவருக்குக் கைகொடுத்த மொழி முழுக்க முழுக்க உங்கள் பக்தி மொழி. கருணை, அருள் என்று உருகும்போது அது எந்த வீட்டுச் சொத்து என்று பிரிக்க முடிவதில்லை.

வித்தியாசம் எங்கே என்று கேட்டால் நான் சிலுவையைத்தான் காட்டுவேன். பொந்தியு பிலாத்து என்று ஒரு அதிகாரி, எருசலேமுக்கு வெளியே ஓர் இடம், ஒரு வெள்ளிக்கிழமை. கவ்விக்கொண்டு போகிற தாய்க்கு அங்கே இரத்தம் வந்தது என்பது எங்கள் விசுவாசம். எது உசத்தி என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. உங்கள் பூனையை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

● நாத்தனாருக்குக் கஷ்ட காலத்தில் 40,000 ரூபாய் கொடுத்தேன். திருப்பித் தரவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு வந்து 500 ரூபாய் மொய் வைத்துவிட்டுப் போனாள். மொய் நோட்டைத் திறக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அற்பக் காசு, மறந்துவிடு என்கிறார் கணவர்.
– இல்லத்தரசி, சிவகாசி

அற்பக் காசு என்று யார் சொன்னது? மத்தேயு 18-இல் இதே கணக்கு இருக்கிறது, போட்டுப் பார்ப்போம். ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் அடைத்து முடிக்க 2 லட்சம் வருஷம். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் காலில் விழுகிறான் பாருங்கள், எனக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்துவிடும். கணக்குத் தெரியாத பயல். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே அடித்துவிட்டார்.

வெளியே வந்தவன் தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். இந்த 100-ஐத்தான் பிரசங்கத்தில் சில்லறை என்று தள்ளிவிடுகிறார்கள். 100 நாள் கூலி சில்லறையா? சித்தாள் கூலி 700 ரூபாய் என்று வைத்தாலும் 70,000 ஆகிறது. இயேசு உங்கள் நஷ்டத்தைச் சின்னதாக்கவில்லை. அதன் பக்கத்தில் 4,200 கோடியை வைக்கிறார், அவ்வளவுதான்.

மொய் நோட்டு நம் ஊருக்கு நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்ல மாட்டேன். அதை வைத்து எத்தனையோ ஏழை வீட்டுக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஆனால் அந்த நோட்டின் வலது பக்கத்தில் நமக்கு வந்ததை எழுதுகிறோம். எல்லாவற்றையும் எழுதுகிறோமா? எனக்குப் பால் கொடுத்தவள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. நாத்தனாரிடம் நேராகக் கேளுங்கள்: "இருக்கா, இல்லையா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லு." இல்லை என்று சொன்னால் நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள். பேனாவால். பென்சில் வேண்டாம்.

● டீச்சர், எப்போதும் மன்னிப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். நீங்கள் மன்னிப்பு வாங்கிய கதை உண்டா?
– பழைய மாணவி, சென்னை

உண்டு. நீங்கள் அந்த வகுப்பில் இருந்திருந்தால் கதை உங்களுக்கும் தெரியும்.

1991, ஒன்பதாம் வகுப்பு. கன்னியாகுமரிச் சுற்றுலாவுக்கு ஆளுக்கு 20 ரூபாய் வசூல் செய்து, ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். மதியம் எண்ணினால் 180 ரூபாய் குறைகிறது. ஒரு பிள்ளை, அம்மா பீடி சுற்றுகிறவர், சுற்றுலாவுக்கு வரவில்லை என்று ஒரு வாரமாகச் சொன்னவள், அன்று காலையில்தான் 20 ரூபாய்த் தாளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, இரண்டு கையையும் தூக்கச் சொல்லி, இன்னொரு பெண்ணை விட்டுச் சோதிக்கச் சொன்னேன். பையை மேசையில் கொட்டினேன். மூன்று நோட்டு, தூக்குச்சட்டி, பீடி இலை நறுக்கும் ஒரு கத்தரி. பையெல்லாம் புகையிலை வாசம். அவள் அழவில்லை. கையை இறக்கச் சொல்ல நான் மறந்துவிட்டேன், மணி அடிக்கும்வரை தூக்கியபடியே நின்றாள்.

மூன்றாம் நாள் வருகைப் பதிவேட்டுக்குப் போட்டிருந்த பிரவுன் அட்டைக்குள் அந்தப் பணம் இருந்தது. நானே சொருகியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி பக்கம் அவளைக் கூப்பிட்டு, "பணம் கிடைச்சிருச்சி, நீ போ" என்றேன். வகுப்பில் சொல்லவில்லை. குற்றம் சாட்டியது 46 பேர் முன்னால், திருத்தியது தண்ணீர்த் தொட்டி முன்னால். அவள் சுற்றுலாவுக்கு வரவில்லை. 20 ரூபாயைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். கூடுதலாகப் பீடி சுற்றிச் சேர்த்த காசு என்று அப்புறம்தான் கேள்விப்பட்டேன்.

18 வருஷம் கழித்து, என் மகள் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்க வேண்டும். பக்கத்து வீட்டம்மா ஒரு கடையைச் சொன்னார்கள், கட்டிங் பிரமாதமாம். மாடிப்படி ஏறிப் போனால், கழுத்தில் டேப்போடு அவள். நான்கு பெண்பிள்ளைகள் மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். "வாங்க டீச்சர்" என்றாள். திரும்பி இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. துணியைக் கொடுத்துவிட்டு, "அந்த 180 ரூபாய்…" என்று ஆரம்பித்தேன்.

"ஞாபகம் இருக்கு டீச்சர். கையைத் தூக்குங்க."

தூக்கினேன். அவள் சுற்றளவு எடுத்து நோட்டில் குறித்தாள். நான் கையைத் தூக்கியபடியே, அந்த நான்கு பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி, நடந்ததைச் சொன்னேன். இவள் திருடவில்லை, தப்பு என்னுடையது, வகுப்பில் சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று. மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவள் தோள் அளவையும் எழுதி முடித்துவிட்டு, "சரி டீச்சர், கையை இறக்கிக்கோங்க. புதன்கிழமை வாங்க" என்றாள்.

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொன்னதாக எழுத ஆசையாக இருக்கிறது, சொல்லவில்லை. புதன்கிழமை போனேன். தையல்கூலி 150 ரூபாய். டீச்சராச்சே, வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன், சொல்லியிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது. 200 கொடுத்தேன், 50 ரூபாயை எண்ணித் திருப்பிக் கொடுத்தாள். மிச்சத் துணியையும் மடித்து வைத்திருந்தாள். ரவிக்கையை உள்பக்கம் திருப்பிக் காட்டி, "ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் விட்டிருக்கேன் டீச்சர். பின்னால இறுக்கமாச்சுன்னா பிரிச்சுக்கலாம்" என்றாள்.

இந்த ஈஸ்டருக்குத்தான் பிரித்தேன். இன்னும் அரை இஞ்ச் உள்ளே இருக்கிறது.